அருவிக்கு முன் லாக்கைப் பாருங்கள்: போட்டோமேக் கரையில் கிரேட் ஃபால்ஸ், ஒரு முழு வழிகாட்டி

வாஷிங்டன் பக்கம் வரும் நம் குடும்பங்கள் கிரேட் ஃபால்ஸுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரு மணி நேரம்தான். வண்டியை நிறுத்துவார்கள், நேராக அருவிக்கு நடப்பார்கள், கம்பியைப் பிடித்தபடி நாலு படம் எடுப்பார்கள், திரும்பிவிடுவார்கள். முதல் இரண்டு தடவை நானும் அப்படித்தான் போய் வந்தேன். மூன்றாம் தடவை ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை அழைத்துப் போனேன். கும்பகோணம் பக்கத்து வாய்க்காலும் மதகுமாகவே வாழ்ந்தவர் அவர். அருவி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. வெள்ளையடித்த பழைய கட்டடத்தின் முன்னால் இருக்கும் நீளமான கல் தொட்டியின் ஓரத்தில் போய் நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, இந்தக் கதவு ரெண்டும் நேரா மூடாம மூக்கு மாதிரி முன்னால நீட்டிக்கிட்டு நிக்குதே, ஏன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடப் போய்த்தான் இந்த இடமே எனக்குப் புரிந்தது. அதனால் இந்த வழிகாட்டியிலும் அருவி பின்னால்தான் வரும். முதலில் லாக்.

லாக் என்ற சொல் சென்னைக்குப் புதிதல்ல. சேப்பாக்கத்தில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி லாக் நகர் என்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது. படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொரு நீர்மட்டத்துக்கு ஏற்றி இறக்கும், இருபுறமும் கதவு வைத்த தொட்டிதான் லாக். போட்டோமேக் ஆறு இங்கே ஒரு மைலுக்குள் சுமார் 76 அடி கீழே விழுகிறது. எந்தப் படகும் அதில் இறங்க முடியாது, ஏறவும் முடியாது. ஆகவே ஆற்றுக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு கால்வாய் வெட்டி, அதில் படிக்கட்டு மாதிரி லாக்குகளைக் கட்டினார்கள். செசபீக் அண்ட் ஒஹையோ கால்வாய் என்று பெயர். சுருக்கமாக சி அண்ட் ஓ. வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியிலிருந்து மேற்கே கம்பர்லாண்ட் ஊர் வரை 184.5 மைல் நீளம், 605 அடி ஏற்றம், 74 லாக்குகள். அவற்றில் ஆறு, அதாவது 15 முதல் 20 வரையுள்ளவை, கிரேட் ஃபால்ஸில் ஒரே மைலுக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன.

எந்தக் கரை?

இதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆற்றின் ஒரு கரை மேரிலாந்து, மறுகரை வர்ஜீனியா. இரண்டிலும் பூங்கா இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள், நடுவில் கடக்கப் பாலம் கிடையாது. தவறான பக்கம் போய்விட்டால் வாஷிங்டனைச் சுற்றும் வளையச் சாலையான பெல்ட்வே வரை போய்ச் சுற்றி வர வேண்டும். லாக், கால்வாய், தீவு, நீண்ட நடை எல்லாம் வேண்டுமென்றால் மேரிலாந்து கரை. வண்டியை விட்டு இறங்கிய சில நிமிடங்களில் அருவி தெரிய வேண்டும், அதிகம் நடக்க முடியாது என்றால் வர்ஜீனியா கரை. வழிகாட்டும் செயலியில் 'கிரேட் ஃபால்ஸ் டேவர்ன்' என்று போட்டால் மேரிலாந்து பக்கம் சரியாகக் கொண்டுவிடும். மெட்ரோ ரயிலில் வர வழியில்லை, கார் வேண்டும்.

வரும் வழியில் ஒரு செய்தி. கடைசியில் நீங்கள் ஓட்டி வரும் மெக்கார்தர் சாலைக்கு அடியில் வாஷிங்டன் நகரத்தின் குடிநீர்க் குழாய் ஓடுகிறது. 1850-களில் தொடங்கிய அந்த வேலைக்குத் தலைமை வகித்தவர் மாண்ட்கோமரி மெய்க்ஸ் என்ற ராணுவப் பொறியாளர். அருவிக்கு மேலே ஆற்றின் குறுக்கே தாழ்வாகத் தெரியும் அணை அதற்காகக் கட்டியதுதான். இன்றும் தலைநகரம் குடிப்பது இந்த ஆற்றைத்தான்.

நாளும் நேரமும்

ஏப்ரல் முதல் பாதியில் கரையோரக் காட்டில் வர்ஜீனியா புளூபெல் பூக்கும். தரை முழுக்க இளநீலம். எனக்குப் பிடித்த பருவம் அதுதான். அக்டோபர் கடைசியில் இலை நிறம் மாறும்போது கூட்டம் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம் நம் சென்னைக்குக் குறைந்ததல்ல, காலை பத்துக்குள் நடையை முடித்துவிட வேண்டும். குளிர்காலத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இலையில்லாத மரங்களுக்கு இடையே ஆறு முழுசாகத் தெரிவதும், வெண்தலைக் கழுகு கண்ணில் படுவதும் அப்போதுதான்.

எந்தப் பருவமானாலும் சனி, ஞாயிறு என்றால் காலை எட்டரைக்குள் உள்ளே இருங்கள். ஒரு ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம் என்று நினைத்து மதியம் போனோம். வாகன நிறுத்தம் நிரம்பி, சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. முக்கால் மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு அம்மா, அப்பாவோடு அப்படியே வீடு திரும்பினோம். வார நாள் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

முந்தைய இரவே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். மேற்கே மலைப்பக்கம் பெருமழை பெய்திருந்தால் இரண்டு, மூன்று நாள் கழித்து இங்கே ஆறு ஏறும். அப்போது தீவுக்குப் போகும் பாலத்தையும் பாறைப் பாதையையும் மூடிவிடுவார்கள். பூங்காவின் இணையதளத்தில் அந்த அறிவிப்பு இருக்கும். கட்டணத்தையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான் கட்டியது ஒரு வண்டிக்கு 20 டாலர். உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் அதுதான். ரொக்கம் வாங்குவதில்லை, அட்டை வேண்டும். தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டுச் சீட்டு இருந்தால் அது இங்கும் செல்லும்.

பையில் என்ன?

பிடிப்புள்ள காலணி. பெரியவர்கள் செருப்போடு வந்தால் டோபாத் என்ற கால்வாயோர மண் பாதையில் நடக்கலாம், பாறைப் பக்கம் போகக் கூடாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் மரத்தடி மேசையில் வைத்துச் சாப்பிட்டால் அந்த ருசியே வேறு. குப்பைத் தொட்டி இருக்கும் என்று நம்பாதீர்கள். கொண்டுவந்ததை நாமேதான் எடுத்துப் போக வேண்டும், அதனால் ஒரு காலிப் பை கட்டாயம். கழிப்பறை டேவர்ன் அருகில் மட்டும்தான் உண்டு. நடை தொடங்குமுன் எல்லோரும் போய் வந்துவிடுவது நல்லது.

முதல் அரை மணி நேரம்: 20-ஆம் லாக்

டேவர்ன் என்ற அந்த வெள்ளைக் கட்டடம் முதலில் லாக் காவலரின் வீடாக இருந்தது. 1831 வாக்கில் விரிவுபடுத்தி விடுதியாக்கினார்கள். இப்போது பார்வையாளர் மையம். உள்ளே போய் வரைபடத்தை வாங்கிக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். பார்க்க வேண்டியது வாசலில் இருக்கிறது.

தொட்டியின் நீளம் ஏறக்குறைய 100 அடி, அகலம் 15 அடி. இதற்குள் நுழைந்த படகுகள் 90 அடிக்கு மேல் நீளமும் பதினாலரை அடி அகலமும் கொண்டவை. பக்கத்துக்கு மூன்று அங்குல இடைவெளியில், 100 டன்னுக்கு மேல் நிலக்கரி ஏற்றிய படகைச் சுவரில் இடிக்காமல் உள்ளே கொண்டுவர வேண்டும். படகில் பிரேக் கிடையாது. கரையில் நட்ட மரத்தூணில் கயிற்றைச் சுற்றிச் சுற்றித்தான் நிறுத்துவார்கள். குனிந்து சுவரின் மேல் விளிம்புக் கற்களைத் தடவிப் பாருங்கள். சில லாக்குகளில், நம் ஊர்க் கிணற்றடிக் கல்லில் தாம்புக்கயிறு பதிந்திருக்குமே, அதே மாதிரி வழவழப்பான பள்ளம் விரலில் படும்.

இப்போது கதவு. அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். இரண்டு கதவுகளும் மூடும்போது தண்ணீர் வரும் திசையை நோக்கி ஆப்பு மாதிரிச் சேர்கின்றன. மேலே நிற்கும் தண்ணீர் தள்ளத் தள்ள இரண்டும் ஒன்றையொன்று இன்னும் இறுக்கிக்கொள்ளும். தாழ்ப்பாள் வேண்டாம், பூட்டு வேண்டாம். உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் சமமானால் ஒழிய அந்தக் கதவை யாராலும் திறக்க முடியாது. சமமானபின் ஒரே ஆள், கதவின் தலைமேல் நீளமாகக் கிடக்கும் மரக்கட்டையில் முதுகைக் கொடுத்து நடந்தே திறந்துவிடலாம். சமமாக்குவதற்குக் கதவின் அடியில் சின்னச் சின்ன ஷட்டர்கள் இருக்கின்றன. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புத் தண்டில் சாவியை மாட்டித் திருப்பினால் அவை திறக்கும்.

படகு மேலே ஏறும் முறையை மனதில் ஓட்டிப் பாருங்கள். கீழ்க் கதவு திறந்திருக்கிறது, படகு உள்ளே வருகிறது. கீழ்க் கதவை மூடு. மேல் கதவின் ஷட்டரைத் திற. தண்ணீர் நிரம்ப நிரம்பப் படகு எட்டடி உயர்கிறது. மேல் கதவைத் திற. கோவேறு கழுதைகள் கயிற்றை இழுக்க, படகு போய்விடும். பம்பு இல்லை, எஞ்சின் இல்லை. ஆற்றின் எடையே வேலை செய்கிறது. இதைச் சொன்னபோது அப்பா வெகுநேரம் பேசவில்லை. "நம்ம ஷட்டரு தண்ணிய எதிர்த்து நிக்குது. இது தண்ணிய வச்சே மூடிக்குது" என்றார் பிறகு. நான் படித்த எந்தப் பலகையும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

பழுது பார்ப்பதற்காகச் சில காலம் கால்வாயில் தண்ணீரை வடித்துவிடுவார்கள். அப்படி அமைந்தால் வருத்தப்படாதீர்கள். கல் கட்டுமானம் அடிவரை தெரியும். பருவத்தில் 'சார்லஸ் எஃப். மெர்சர்' என்ற சவாரிப் படகும் ஓடியதுண்டு, இப்போது ஓடுகிறதா என்று பூங்காவின் இணையதளத்தில் பாருங்கள். கால்வாய் நிறுவனத்தின் முதல் தலைவர் பெயர் அது. ஓடும் நாள் தெரிந்தால் குழந்தைகளுக்காக அன்றைக்கே திட்டமிடுங்கள். நூறு பக்கம் படித்தாலும் வராத புரிதல், அந்தத் தொட்டிக்குள் உட்கார்ந்து மேலே உயரும்போது வந்துவிடும்.

கீழ்நோக்கி நடை

லாக்கிலிருந்து கால்வாயை ஒட்டி ஆறு ஓடும் திசையிலேயே நடங்கள். காலடியில் இருக்கும் அகலமான மண் பாதைதான் டோபாத், கழுதைகள் படகை இழுத்துப் போன வழி. சமதளம், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும். 19, 18, 17 என்று எண் குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு லாக்கைத் தாண்டும்போதும் பாதை சரிந்து இறங்குவதைக் கவனியுங்கள். அந்தச் சரிவுதான் படகு ஏறிய உயரம். அதே உயரத்தை வலப்பக்கம் ஆறு பாறைகளில் அடித்துக்கொண்டு இறங்குகிறது. மரங்களுக்கு அப்பால் அந்தச் சத்தம் கேட்கும்.

கால்வாயின் கதையை இந்த நடையில் சொல்லிக்கொண்டே போகலாம். 1828 ஜூலை 4 அன்று அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் முதல் மண்ணை வெட்டினார். மண்வெட்டி வேரில் மாட்டியது. மேல்கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி வெட்டினார். அதே நாளில் பால்டிமோரில் ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ரயில் 1842-ல் கம்பர்லாண்டுக்குப் போய்விட்டது. கால்வாய் போய்ச் சேர்ந்தது 1850-ல். பிட்ஸ்பர்க் வரை போக வேண்டிய திட்டம் அங்கேயே நின்றது. தோண்டியவர்களில் அயர்லாந்திலிருந்து வந்த கூலிகள் ஏராளம். 1832-ல் காலரா வந்து அவர்களில் பலரைக் கொண்டுபோனது. பிறகு படகுகளிலேயே குடும்பங்கள் வாழ்ந்தன, பிள்ளைகள் கழுதை ஓட்டினார்கள், தவழும் குழந்தை தண்ணீரில் விழாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டி வைத்தார்கள். 1889 வெள்ளம் நிறுவனத்தைத் திவாலாக்கியது. 1924 வெள்ளத்துக்குப் பின் படகே ஓடவில்லை.

1938-ல் மத்திய அரசு கால்வாயை வாங்கியது. கீழ்ப்பகுதியின் சுமார் 22 மைலைச் சீரமைத்தவர்கள் கறுப்பின இளைஞர்கள். மந்தநிலைக் கால வேலைத் திட்டத்தில் சேர்ந்து, பக்கத்திலேயே முகாமில் தங்கி உழைத்தார்கள். நாம் நடக்கும் பாதையில் அவர்கள் கை பட்டிருக்கிறது. 1950-களில் கால்வாயை ஒட்டியே கார்களுக்கு நெடுஞ்சாலை போடலாம் என்ற யோசனை வலுத்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் அதை எதிர்த்தார். ஆதரித்து எழுதிய பத்திரிகை ஆசிரியர்களைத் தன்னோடு நடந்து பார்க்க அழைத்தார். 1954 மார்ச்சில் கம்பர்லாண்டிலிருந்து தலைநகர் நோக்கி நடந்தார்கள். பலர் கிளம்பினாலும் முழுத் தூரத்தையும் நடந்து முடித்தவர்கள் டக்ளஸோடு சேர்த்து ஒன்பது பேர்தான். சாலை வரவில்லை. 1971-ல் முழுக் கால்வாயும் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. அமெரிக்கத் தலைநகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படியொரு காடு மிஞ்சியிருப்பது இந்த ஓடாத கால்வாயால்தான். இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் ஒவ்வொரு மரமும் வேறு மாதிரித் தெரியும்.

ஓல்ம்ஸ்டெட் தீவு: இப்போது அருவி

17-ஆம் லாக்குக்குக் கொஞ்சம் முன்னால் வலப்பக்கம் பாலம் பிரியும். ஆற்றின் கிளைகளைத் தாண்டி மரநடைபாதை தீவுக்குள் போகிறது. பழைய பாலங்களை 1972-ல் ஆக்னெஸ் புயல் வெள்ளம் அடித்துப் போக, இருபது வருடம் கழித்து, 1992-ல்தான் புதிதாகக் கட்டினார்கள். நாய்க்கும் மிதிவண்டிக்கும் உள்ளே அனுமதியில்லை.

முதல் பாலத்திலேயே நின்று கீழே பாருங்கள். குறுகிய பிளவில் பச்சை கலந்த வெள்ளைத் தண்ணீர் சுழன்று போகும். பாறையில் உரல் குழி மாதிரி வட்டமான குழிகள் இருக்கும். சுழலில் மாட்டிய கற்கள் காலகாலமாக அரைத்து உண்டாக்கியவை அவை. நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். வெள்ளம் அடிக்கடி துடைத்துப் போகும் பாறையில்தான் வளரும் அரிய செடிகள் இங்கே இருக்கின்றன, ஒரு மிதியில் போய்விடும்.

கடைசி மேடையில் அருவி. குற்றாலம் மாதிரி ஒரே தாரையாக விழாது. ஆறு முழுவதும் பாறைகளில் பத்து வழியாகப் பிளந்து, படிப்படியாக இறங்கி, மேதர் கணவாய் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்குக்குள் ஒடுங்கும். மூன்று லாக் தாண்டி வந்த பிறகு இதைப் பார்க்கும்போது, படகுக்காரன் ஏன் இந்தப் பக்கம் வரவே முடியாது என்பது உடம்புக்கே தெரியும்.

இங்கிருந்து இரண்டு வழி

பெரியவர்களும் சின்னக் குழந்தைகளும் இருந்தால் டோபாத்திலேயே 16, 15-ஆம் லாக்குகளைத் தாண்டி வைட்வாட்டர் வரை போங்கள். போட்டோமேக் எப்போதோ ஓடிக் கைவிட்ட பழைய தடத்தில் பொறியாளர்கள் அப்படியே தண்ணீரை விட்டுக் கால்வாயாக்கிக்கொண்டார்கள். அதனால் அங்கே கால்வாய் ஏரி மாதிரி விரிந்து கிடக்கும். விழுந்த மரங்களின் மேல் ஆமைகள் வரிசையாக வெயில் காயும். பெரிய நீல நாரை முழங்கால் தண்ணீரில் அசையாமல் நிற்கும். நம் ஊர்ச் சாம்பல் நாரையின் நெருங்கிய சொந்தம், நிற்கும் தோரணையிலேயே தெரிந்துவிடும். கரையில் பெரிய இலைகளோடு சின்ன மரமாக நிற்பது பாபா. நம் சீதாப்பழத்தின் குடும்பம். வரிக்குதிரைக் கோடு போட்ட வால் நீண்ட பட்டாம்பூச்சி ஒன்று இங்கே பறக்கும். அதன் புழு தின்பது பாபா இலையை மட்டும்தான்.

நல்ல உடல்வலு உள்ளவர்களுக்கு பில்லி கோட் பாதையின் ஏ பிரிவு. 1.7 மைல்தான், ஆனால் இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். கணவாயின் விளிம்பில் பாறைக்குப் பாறை தாவி, ஓரிடத்தில் கைகளாலும் பற்றி ஏற வேண்டும். மேலிருந்து கீழாக ஒரே திசையில்தான் போகச் சொல்கிறார்கள், திரும்பி வருவது டோபாத் வழியாக. நடுவில் வெளியேறும் வழி ஒன்று உண்டு. முட்டி வலி உள்ளவரையும் கைக்குழந்தையையும் இதில் கூட்டிப் போக வேண்டாம். மழை பெய்த மறுநாளும் வேண்டாம்.

ஆற்றில் கால் வைக்காதீர்கள்

இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கணவாய்க்குள் சில இடங்களில் தண்ணீர் குளம் மாதிரி அமைதியாகத் தெரியும். மேலே விழுந்த அத்தனை தண்ணீரும் அதற்கடியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நீச்சல் தெரிந்தவர்களே இங்கே இறந்திருக்கிறார்கள். பாறையில் உட்கார்ந்து கால் நனைக்கப் போய் வழுக்கி விழுந்தவர்களும் உண்டு. காவேரியில் நீந்திப் பழகியவர் என்ற தைரியம் இங்கே உதவாது. நீந்துவதும் இறங்கி நடப்பதும் சட்டப்படியும் தடை. குழந்தையின் கையை டோபாத்தில் விடலாம், பாறையில் விடாதீர்கள். லாக் சுவர்களுக்கும் தடுப்பு கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

நேரம் மிச்சமிருந்தால்

பறவை பார்ப்பவர்களுக்கு என் சிபாரிசு, ஐந்து மைல் மேலே இருக்கும் பென்னிஃபீல்ட் லாக். எண் 22. அருவியின் கூட்டம் அங்கே வருவதில்லை. லாக் காவலரின் சின்ன வீட்டை இரவு தங்குவதற்கு வாடகைக்கும் விடுகிறார்கள். மின்சாரமில்லாத வீடு, முன்பதிவு வேண்டும். டேவர்னுக்குப் பின்னால் மேட்டில் பழைய தங்கச் சுரங்கத்தின் இடிபாடுகளுக்கு ஒரு காட்டுப் பாதை ஏறுகிறது. நிழலான நடை. வேறொரு நாள் வர்ஜீனியா கரைக்குப் போனால், சி அண்ட் ஓவுக்கும் மூத்த லாக்குகளைப் பார்க்கலாம். 1785-ல் ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையில் தொடங்கிய நிறுவனம் பாறையை வெடிவைத்துப் பிளந்து கட்டியவை, 1802-ல் திறந்தவை. வெள்ள மட்டங்களைக் குறித்த கம்பம் ஒன்றும் அங்கே நிற்கிறது. 1936-ன் குறி எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை புல்லிலும் புதரிலும் உண்ணி இருக்கும், லைம் நோயைப் பரப்பக்கூடியது. நடக்கும்போது பேண்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். மூன்று மூன்று இலையாகத் தொங்கும் கொடி எதையும் தொடாதீர்கள், அது விஷ ஐவி, பட்டால் நாள்கணக்கில் அரிக்கும். திரும்பியதும் துணிகளைச் சூடான உலர்த்தியில் போட்டுவிட்டு எல்லோரும் குளித்து, முழங்காலின் பின்புறம், அக்குள், காதின் பின்புறம், தலைமுடி என்று ஒருவருக்கொருவர் பார்த்துவிடுங்கள். என் மகனுக்கு ஒருமுறை முட்டிக்குப் பின்னால் எள்ளளவில் ஒன்று ஒட்டியிருந்தது. நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டமோ காய்ச்சலோ வந்தால், உண்ணி கடித்ததைச் சொல்லி உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.